திரையில் வந்ததை அப்படியே எழுதவும்

கந்தர்வக்கோட்டை
17.2.2025

மதிப்பிற்குரிய பவுசியா அவர்களுக்கு,

வணக்கம். நான் ரத்தினவேல். புதுக்கோட்டையில் பார்வையற்ற பிள்ளைகளுக்கான பள்ளியில் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். நீங்கள் கல்வி அலுவலக எக்ஸ்சேஞ்சில் டெலிபோன் ஆபரேட்டராக இருந்த காலத்தில், பள்ளி வேலையாக வாரம் ஒரு முறையாவது உங்களிடம் லைன் கேட்டிருப்பேன். "சார், பெரியவருக்கு இன்னிக்கு மூடு சரியில்ல. நாளைக்குக் காலையில டீ குடிச்ச பெறகு போட்டுத் தாரேன்" என்பீர்கள். அப்படி நீங்கள் நேரம் பார்த்துப் போட்டுக் கொடுத்த லைனில்தான் எங்கள் பள்ளிக்கு இரண்டு வகுப்பறை வந்தது. இது உங்களுக்குத் தெரியாது என்று நினைக்கிறேன்.

உங்களுக்குக் காதும் கேட்காமல் போய்விட்டது என்று திருச்சியில் பார்வையற்றோர் சங்கத்தில் சொன்னார்கள். நம்பவில்லை. உங்கள் வீட்டுக்குப் போன் செய்தேன். உங்கள் தம்பி மனைவி தஸ்லீமா எடுத்தார். "மதினிக்குப் போன வருசமே கேக்காமப் போச்சுங்க சார்" என்றார். வேறு என்ன கேட்பது என்று தெரியாமல் வைத்துவிட்டேன். அதனால் இந்தப் பிரெயில் கடிதம். ஊசி பிடித்து நாளாயிற்று. புள்ளிகள் முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

விஷயம் இதுதான். சங்கத்தில் ஒரு பழைய பிரெயில் பலகை சும்மா கிடக்கிறது. கீபோர்டுக்கு முன்னால் வைத்துக்கொள்ள வேண்டும். அதில் நாற்பது எழுத்துக்கு இடம் உண்டு. கம்ப்யூட்டர் திரையில் என்ன இருக்கிறதோ அது அந்தப் பலகையில் சின்னச் சின்ன முனைகளாக எழும்பி நிற்கும். விரலை ஓட்டிப் படிக்கலாம். பொத்தானை அமுக்கினால் அந்த முனைகள் இறங்கி அடுத்த வரி எழும்பும். காதுக்கு அங்கே வேலையே இல்லை. புதிதாக வாங்குவதென்றால் உங்களுக்கும் எனக்கும் கட்டுப்படியாகாது. இது பழசு என்பதால் பழைய கம்ப்யூட்டரோடு மட்டும்தான் பேசும். கறுப்புத் திரையில் ஒவ்வொரு கட்டளையாக அடித்து வேலை வாங்குவோமே, அந்த டாஸ் கம்ப்யூட்டர். புதுக்கோட்டையில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் பெலிக்ஸிடம் அப்படி ஒன்று மூலையில் இருந்தது. சிடி டிரைவ் மட்டும் கெட்டுப்போயிருந்ததால் வேறு மாற்றியிருக்கிறார். அறந்தாங்கிப் பக்கம் வரும்போது உங்கள் வீட்டில் இறக்கிவிடுவார். பலகையை இயக்கும் புரோகிராம் ஒரு சிடியில் இருக்கிறது. அதை ஏற்றிவிட்டால் போதும்.

ஏப்ரல் கடைசி வரை உங்களிடம் இருக்கும். பயன்பட்டால் உங்களுக்கே. இல்லையென்றால் வரிசையில் அடுத்தவருக்குப் போகும். சங்கத்தின் விதி அது.

நானே வந்து ஏற்றிக் கொடுத்திருப்பேன். பொங்கலுக்கு மறுநாள் கண்மாய்க் கரையில் ஸ்கூட்டரோடு விழுந்து இடுப்பெலும்பு விட்டுவிட்டது. மே மாதம் வரை பஸ் ஏறக் கூடாது என்று டாக்டரும், ஏறினால் தெரியும் என்று என் மனைவி பொன்னுத்தாயும் சொல்லியிருக்கிறார்கள்.

அன்புடன்,
ரத்தினவேல்


கோட்டைப்பட்டினம்
25.2.2025

ரத்தினவேல் சாருக்கு,

பவுசியா எழுதுவது. உங்கள் குரல் நன்றாக ஞாபகம் இருக்கிறது. "அம்மா, ஒரு சின்ன உதவி" என்றுதான் ஆரம்பிப்பீர்கள். அந்தச் சின்ன உதவிக்கு அரை மணி நேரம் ஆகும்.

பெட்டிகள் வந்தன. பெலிக்ஸ் தம்பி வயரெல்லாம் மாட்டிவிட்டு, "டாஸெல்லாம் எங்கப்பா காலத்து சமாச்சாரம்க்கா, எனக்கு ஒண்ணும் தெரியாது" என்று சொல்லிவிட்டுப் போனாராம். தஸ்லீமா கையில் எழுதிக் காட்டினாள். எனக்குப் பன்னிரண்டு வயதில்தான் பார்வை போனது. அதற்குள் தமிழும் ஏபிசிடியும் கற்றுக்கொண்டதால், உள்ளங்கையில் விரலால் எழுதினால் புரியும். இப்போது அது ஒன்றுதான் எனக்கு வழி.

வந்த அன்றே எல்லாவற்றுக்கும் பிரெயிலில் பெயர் ஒட்டினேன். என்னிடம் பிளாஸ்டிக் நாடாவில் புள்ளி அடிக்கும் கருவி இருக்கிறது. இந்த வீட்டில் நான் பெயர் ஒட்டாத பொருள் தஸ்லீமா மட்டும்தான். பிறகு சிடியைப் போட்டு, நீங்கள் தனித்தாளில் எழுதியிருந்தபடி சிடி டிரைவுக்கு உரிய டி என்ற எழுத்தை அடித்து, கோலன் போட்டு, என்டர் தட்டினேன். தஸ்லீமா கையில் எழுதினாள்: "வரலை." மறுபடி தட்டினேன். "வரலை." என்ன வரவில்லை, அதற்குப் பதிலாக என்ன வந்தது என்று கேட்டேன். "ஒன்றுமில்லை" என்று எழுதினாள்.

சார், உங்களிடம் சொல்வதற்கு என்ன. இந்த "ஒன்றுமில்லை"தான் என்னைக் கொல்கிறது. காது போனதிலிருந்து இந்த வீட்டில் எனக்குக் கிடைக்கும் பதில் அது ஒன்றுதான். தரை அதிர்வதை வைத்து யார் நடக்கிறார்கள் என்று கண்டுபிடிப்பேன். தஸ்லீமா போனை வைத்துக்கொண்டு கூடத்துக்கும் அடுப்படிக்கும் நடக்கிறாள். சவுதியில் இருக்கும் என் தம்பி ஜைனுதீனோடுதான் பேசுவாள். முன்பெல்லாம் அஞ்சு நிமிஷம் பேசுவார்கள். இரண்டு மாதமாக நெடுநேரம் நடக்கிறாள். என்ன பேசினீர்கள் என்று கேட்டால் கையில் "ஒன்றுமில்லை."

எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. என்னைப் போன்ற பெண்களுக்குத் திருச்சியில் ஒரு விடுதி இருக்கிறதே, அதைப் பற்றி ஜைனுதீன் ஒரு தடவை விசாரித்தான். அப்போது எனக்குக் காது கேட்டது. இப்போது மறுபடி அந்தப் பேச்சு நடக்கிறதோ என்று நினைக்கிறேன். அனுப்புவதென்றால் அனுப்பட்டும், அதை என்னிடம் சொல்லிவிட்டு அனுப்பட்டும். எத்தனையோ வருஷம் ஊரார் பேச்சையெல்லாம் லைன் போட்டுக் கொடுத்தவளுக்குச் சொந்த வீட்டுப் பேச்சு தெரியவில்லை.

இந்தப் பலகை வேலை செய்தால் தஸ்லீமாவைக் கீபோர்டு முன்னால் உட்கார வைத்துக் கேட்பேன். கையில் எழுதுவதுபோல இரண்டு வார்த்தையில் தப்பிக்க முடியாது. எனக்குக் கம்ப்யூட்டர் வேண்டியது அதற்காகத்தான். வேறு பெரிய லட்சியமெல்லாம் இல்லை.

பவுசியா

இடுப்பு எப்படி இருக்கிறது என்று கேட்க மறந்துவிட்டேன்.


கந்தர்வக்கோட்டை
3.3.2025

அன்புள்ள பவுசியா அம்மாவுக்கு,

இடுப்பு நன்றாக இருக்கிறது. நடக்காதவரை.

நோன்பு ஆரம்பித்திருக்கும். பகலில் களைப்பாக இருந்தால் இந்த வேலையைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

டி வராததற்குக் காரணம் சொல்கிறேன். உங்களுக்குத் தெரிந்த உதாரணமே போதும். உங்கள் அலுவலகத்தில் புதிதாக ஓர் அறை கட்டி, அங்கே ஓர் அதிகாரி வந்து உட்கார்ந்துவிட்டார் என்று வையுங்கள். மேஜையில் போனும் இருக்கிறது. ஆனால் லைன்மேன் ஒயர் இழுக்கவில்லை. நீங்கள் லைன் போடுவீர்களா? மாட்டீர்கள். சரி, லைன்மேன் வந்து ஒயர் இழுத்துவிட்டார். இப்போதாவது போடுவீர்களா? அப்போதும் முடியாது. அந்த ஒயருக்கு உங்கள் போர்டில் ஓர் எக்ஸ்டென்ஷன் நம்பர் கொடுக்க வேண்டும். இரண்டும் நடந்தால்தான் அந்த அதிகாரி எக்ஸ்சேஞ்சைப் பொறுத்தவரை உயிரோடு இருக்கிறார்.

டாஸும் அப்படித்தான். ஃப்ளாப்பியையும் ஹார்ட் டிஸ்கையும் அதற்குப் பிறவியிலேயே தெரியும். சிடி டிரைவ் பின்னால் வந்த அதிகாரி. பெலிக்ஸ் பெட்டிக்குள் மாட்டிவிட்டார், சரி. ஆனால் அப்படி ஒருவர் வந்து உட்கார்ந்திருப்பது டாஸுக்குத் தெரியாது. ஒயர் இழுக்க ஒரு சின்னப் புரோகிராம் வேண்டும், அதற்கு டிரைவர் என்று பெயர். டி என்ற எக்ஸ்டென்ஷன் கொடுக்க இன்னொரு சின்னப் புரோகிராம். என்னிடம் பழைய ஃப்ளாப்பிகள் ஒரு டப்பா நிறைய உண்டு. பொன்னுத்தாய் பலமுறை எடைக்குப் போடப் பார்த்தும் தப்பித்தவை. அதில் ஒன்றில் இரண்டு புரோகிராமையும் வைத்து, இரண்டு அட்டைக்கு நடுவே வைத்துக் கட்டி அனுப்பியிருக்கிறேன்.

தனித்தாளில் இரண்டு வரி எழுதியிருக்கிறேன். முதல் வரியைக் கான்ஃபிக் என்ற ஃபைலில் சேர்க்க வேண்டும். இரண்டாவதை ஆட்டோஎக்ஸெக் என்ற ஃபைலில். இரண்டு வரியிலும் அந்த ஒயருக்கு நான் வைத்த பெயர் வரும். அது இரண்டிலும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். பிறகு கம்ப்யூட்டரை அணைத்துப் போடுங்கள்.

இப்போது ஒரு சின்ன உதவி. தஸ்லீமாவிடம் இதைப் படித்துக் காட்டுங்கள். திரையில் என்ன வந்தாலும், ஆங்கிலம் புரிந்தாலும் புரியாவிட்டாலும், அப்படியே ஓர் எழுத்து விடாமல் உங்கள் கையில் எழுதச் சொல்லுங்கள். நீளமாக இருக்கிறதே என்று சுருக்க வேண்டாம். என் வகுப்பில் வயிற்றுவலி என்று வரும் பிள்ளையிடம் "வலிக்குதா?" என்று மட்டும் கேட்டால் ஆமாம் என்று சொல்லும். எங்கே, எப்போதிருந்து, காலையில் என்ன சாப்பிட்டாய் என்று கேட்டால்தான் அது கணக்குப் பரீட்சை வலியா, கொய்யாக்காய் வலியா என்று தெரியும். "வரலை" என்பதை வைத்துக்கொண்டு என்னால் ஒன்றும் செய்ய முடியாது.

விடுதி விஷயத்தில் எனக்கு ஒன்றும் தெரியாது. தெரியாமல் ஆறுதல் சொல்ல மாட்டேன். நீங்கள் கேட்க வேண்டிய கேள்வியை நீங்களே கேட்கும்படி அந்த டிரைவை வரவைப்போம்.

அன்புடன்,
ரத்தினவேல்


கோட்டைப்பட்டினம்
11.3.2025

சாருக்கு,

உங்களால் என் வீட்டில் சண்டை.

உங்கள் கடிதத்தைத் தஸ்லீமாவுக்குச் சத்தமாகப் படித்துக் காட்டினேன். வரிகளைச் சேர்த்தோம். நான் அடித்தேன், அவள் திரையைப் பார்த்துச் சரி என்று என் தோளில் தட்டினாள். அணைத்துப் போட்டோம். ஏதோ வந்திருக்கிறது. கையில் "தப்பு" என்று எழுதினாள். சார் சொன்னது என்ன, அப்படியே எழுது என்றேன். "இங்கிலீசு" என்று எழுதினாள். இங்கிலீசு எனக்குத் தெரியும், நீ எழுத்தை மட்டும் எழுது என்றேன். நான் கத்தினேன் போலிருக்கிறது. எனக்கு என் சத்தம் தெரிவதில்லை. அவள் எழுந்து போய்விட்டாள்.

சாயங்காலம் அஸர் தொழுதுவிட்டு அவளே வந்து உட்கார்ந்தாள். என் கையை வெடுக்கென்று இழுத்து மடியில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு எழுத்தாக எழுதினாள். கோபத்தில் நகம் பட்டது. முதலில் "பேட் கமாண்ட் ஆர் ஃபைல் நேம்." அதற்குக் கீழே "டிவைஸ் டிரைவர் நாட் ஃபவுண்ட்", அதையடுத்து நீங்கள் ஒயருக்கு வைத்த பெயர். அதற்கும் கீழே "நோ வேலிட் சிடிராம் டிவைஸ் டிரைவர்ஸ் செலெக்டட்." முடித்தபோது உள்ளங்கை எரிந்தது. இத்தனை நீளமாக யாரும் என்னிடம் பேசி ஒரு வருஷம் ஆகிறது சார். அதுவும் என்ன, டிரைவர் காணோம் என்று.

முடித்துவிட்டு அவள் தமிழில் எழுதினாள்: "போதுமா?" நான் போதும் என்றேன். "கஞ்சி காய்ச்சணும்" என்று எழுதினாள். பிறகு, "பருப்பு தீந்துபோச்சு, பக்கத்து வீட்டுல வாங்கியிருக்கேன்" என்றும் எழுதிவிட்டுப் போனாள். வழக்கமாக இதெல்லாம் எழுத மாட்டாள். எழுத்து எழுதி கை பழகிவிட்டது போலும்.

டிரைவர் எங்கே போனார்? சொல்லுங்கள்.

பவுசியா


கந்தர்வக்கோட்டை
16.3.2025

அன்புள்ள பவுசியா அம்மாவுக்கு,

தஸ்லீமாவின் நகத்துக்கு என் நன்றியைச் சொல்லுங்கள். அவர் எழுதிய மூன்று வரியில் முதல் வரிதான் முக்கியம். அதை விட்டுவிட்டு மற்ற இரண்டை மட்டும் எழுதியிருந்தால், பெலிக்ஸ் மாட்டிய டிரைவ் கெட்டது என்று நினைத்து அவரோடு சண்டைக்குப் போயிருப்பேன்.

ஒரு கேள்வி கேட்கிறேன், கோபித்துக்கொள்ளக் கூடாது. இரண்டு வரியையும் ஒரே ஃபைலில் போட்டுவிட்டீர்களா? ஆட்டோஎக்ஸெக்கில்?

அப்படியென்றால் நடந்தது இதுதான். கம்ப்யூட்டர் கண் விழித்ததும் முதலில் கான்ஃபிக் ஃபைலைப் படிக்கும், பிறகுதான் ஆட்டோஎக்ஸெக். பள்ளிக்கூடத்தில் காலையில் வாட்ச்மேன் வந்து பூட்டுகளைத் திறப்பார். அதற்குப் பிறகு மணி அடித்து, வகுப்பு தொடங்கும். எந்த அறையைத் திறக்க வேண்டும் என்ற உத்தரவை வாட்ச்மேனிடம் கொடுக்காமல் வகுப்பாசிரியரிடம் கொடுத்தால், "இது என் வேலை இல்லையே" என்பார். பேட் கமாண்ட் என்பது அதுதான். ஒயர் இழுக்கும் வரி வாட்ச்மேனுக்கு உரியது. அதை அவரிடம் கொடுக்காததால் ஒயர் இழுக்கப்படவில்லை. இரண்டாவது வரி தன் வேலையைச் செய்ய வந்து, ஒயரைக் காணோமே என்று திரும்பிப் போனது.

முதல் வரியை ஆட்டோஎக்ஸெக்கிலிருந்து எடுத்து, கான்ஃபிக்கில் சேருங்கள். வேறு ஒன்றும் மாற்ற வேண்டாம்.

இங்கே முந்திரி பூத்து முடிந்து பிஞ்சு விட்டிருக்கிறது. வாக்கரை வைத்துக்கொண்டு வாசல் வரை போய்வருகிறேன். பொன்னுத்தாய் பின்னாலேயே நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வருகிறாள். "விழுந்தா நாற்காலியில விழுங்க" என்கிறாள்.

அன்புடன்,
ரத்தினவேல்


கோட்டைப்பட்டினம்
23.3.2025

சாருக்கு,

கண்டுபிடித்துவிட்டீர்கள். ஒரே டிரைவுக்கு எதற்கு இரண்டு இடத்தில் எழுத வேண்டும், வாத்தியார்களுக்கு எல்லாவற்றையும் இரண்டு தடவை எழுதச் சொல்லித்தான் பழக்கம் என்று நானே ஒன்றாகச் சேர்த்தேன். திருத்திவிட்டேன்.

இப்போது கேளுங்கள். டி வந்துவிட்டது. நிஜமாகவே வந்துவிட்டது. அணைத்துப் போட்டதும் தஸ்லீமா என் கையைப் பிடித்து, "டிரைவ் டி" என்று திரையில் வந்திருக்கும் வரியை முழுசாக எழுதினாள். சுருக்கவில்லை. நான் சிடியை உள்ளே தள்ளி, டி அடித்து, உள்ளே என்னென்ன ஃபைல் இருக்கிறது என்று காட்டும் கட்டளையைக் கொடுத்தேன். பெட்டியின் மேல் கையை வைத்துக்கொண்டிருந்தேன். சார், பெட்டி அப்படி ஆடியது. முதலில் மெதுவாக. பிறகு வேகம் பிடித்து, மேஜையெல்லாம் சேர்ந்து, என் வளையலெல்லாம் அதிர்ந்தன. அரைக்கும் மெஷினில் கை வைத்தமாதிரி. காது போன பிறகு இத்தனை உயிருள்ள ஒரு பொருளைத் தொட்டதில்லை. நன்றாக வேலை செய்கிறது என்று தஸ்லீமா பக்கம் திரும்பிச் சிரித்தேன்.

அவள் எழுதியது: "நாட் ரெடி ரீடிங் டிரைவ் டி. அபார்ட், ரீட்ரை, ஃபெயில்?" ரீட்ரைக்கு ஆர் அமுக்கினேன். மறுபடி நன்றாக ஆடியது. மறுபடி அதே செய்தி. பலமுறை அமுக்கிப் பார்த்தோம். இத்தனை தெம்பாக ஓடுகிற டிரைவ் ஏன் ரெடி இல்லை என்கிறது?

இதைவிட முக்கியமான விஷயம். நேற்றுக் கூடத்தில் நடந்தபோது காலில் எதுவோ தட்டியது. தடவிப் பார்த்தேன். பெரிய சூட்கேஸ். பரணில் இருக்க வேண்டியது. ஜைனுதீன் ஊருக்கு வந்தபோது விட்டுப்போனது. துடைத்து வைத்திருக்கிறார்கள், தூசி இல்லை. இது எதற்கு என்று கேட்டேன். தஸ்லீமா என் கையை எடுத்தாள். விரலை வைத்தாள். வெகுநேரம் ஒன்றும் எழுதவில்லை. பிறகு பழையபடி "ஒன்றுமில்லை."

டிரைவ் எழுதும் செய்தியை ஓர் எழுத்து விடாமல் சொல்கிறவள், இதைச் சொல்லவில்லை. என் துணிக்கு அந்தச் சூட்கேஸ் போதும். பெருநாள் முடியட்டும் என்று காத்திருக்கிறார்கள் போலிருக்கிறது.

சங்கத்துக்கு எழுதிக் கேளுங்கள் சார். விடுதிக்குப் போனாலும் பலகை என்னோடு வரலாமா என்று.

பவுசியா


கந்தர்வக்கோட்டை
26.3.2025

அன்புள்ள பவுசியா அம்மாவுக்கு,

இதை ஸ்பீட் போஸ்டில் போடச் சொல்லியிருக்கிறேன். சுருக்கமாக எழுதுகிறேன்.

நல்ல சிடி டிரைவ் ஆடாது. கையை வைத்தால் பூனை உறுமுவதுபோல மெல்லிய துடிப்பு மட்டும்தான் இருக்கும். வளையல் அதிர்ந்தது என்று படித்ததும் எழுந்து நின்றுவிட்டேன், வாக்கர் இல்லாமல். பொன்னுத்தாய் திட்டினாள்.

நீங்கள் அந்தச் சிடிக்கும் பெயர் ஒட்டியிருக்கிறீர்கள், இல்லையா? எல்லாவற்றுக்கும் ஒட்டினேன் என்று எழுதியிருந்தீர்கள். எந்தப் பக்கம் மேலே என்று விரலுக்குத் தெரிய வேண்டும் என்று ஒட்டியிருப்பீர்கள். அது சரியான யோசனைதான். ஆனால் அந்த நாடா கனமானது. மாவரைக்கும் கல்லின் ஒரு பக்கத்தில் செங்கல்லைக் கட்டிவிட்டுச் சுற்றினால் எப்படி இருக்கும்? பழைய டிரைவ் மெதுவாகச் சுற்றும், அது பொறுத்துக்கொள்ளும். பெலிக்ஸ் மாட்டியது ஐம்பத்திரண்டு மடங்கு வேகமுள்ளது. அந்த வேகத்தில் ஒரு பக்கம் கனம் இருந்தால் தட்டு தாறுமாறாக ஆடும். உள்ளே படிக்கிற கண் ஓர் இடத்தில் நிற்க முடியாமல், நான் ரெடி இல்லை என்கிறது. நீங்கள் உயிர் என்று நினைத்தது அதன் நோய்.

நாடாவை எடுத்துவிடுங்கள். கத்தி வேண்டாம். தேங்காய் எண்ணெயை நாடாவின் ஓரத்தில் விட்டு ஊற வைத்தால் பசை இளகும். பிறகு சோப்புத் தண்ணீரில் கழுவி, மெல்லிய துணியால் நடுவிலிருந்து வெளிப்பக்கமாகத் துடையுங்கள். வட்டமாகத் துடைக்கக் கூடாது. பெயரைச் சிடியின் உறையில் ஒட்டிக்கொள்ளுங்கள். எந்தப் பக்கம் மேலே என்பதைத் தஸ்லீமா பார்த்துச் சொல்வார். இந்த ஒன்றுக்கு மட்டும் அவரைக் கேட்டால் உங்கள் கௌரவம் குறையாது.

சங்கத்துக்கு நான் எழுதவில்லை. முதலில் சூட்கேஸ் யாருக்கு என்பது தெரியட்டும். ஒரு வருஷமாக உங்கள் கையில் இரண்டு வார்த்தை எழுதியே பழகியவர், இதற்கு விரலை வைத்து வெகுநேரம் நின்றிருக்கிறார். சொல்ல ஒன்றும் இல்லாதவருக்கு அத்தனை நேரம் எதற்கு? எனக்குத் தெரிந்த குறிப்பு அவ்வளவுதான்.

பெருநாள் வாழ்த்துகள்.

ரத்தினவேல்


கோட்டைப்பட்டினம்
5.4.2025

ரத்தினவேல் சாருக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். இந்தக் கடிதத்தை நிதானமாகப் படியுங்கள். நான் நிதானமாக எழுதப் பார்க்கிறேன். விரல் ஓடுகிறது.

பெருநாளுக்கு மறுநாள் நாடாவை எடுத்தோம். நான் எண்ணெய் தடவினேன், தஸ்லீமா உரித்தாள். தட்டைக் கழுவித் துடைத்து உள்ளே தள்ளினோம். பெட்டியின் மேல் கை வைத்தேன். ஒரு துடிப்பும் இல்லாததுபோல இருந்தது. போச்சு, செத்துவிட்டது என்று நினைத்தேன். பிறகு உன்னிப்பாகக் கவனித்தால், நீங்கள் சொன்ன பூனை. தஸ்லீமா என் கையை எடுத்து ஃபைல்களின் பெயரை ஒவ்வொன்றாக எழுத ஆரம்பித்தாள். இவள் அத்தனையையும் எழுதிவிடுவாள் என்று பயந்து போதும் என்றேன். நீங்கள் எழுதியபடி இன்ஸ்டால் கொடுத்தேன். கேட்டதற்கெல்லாம் ஆமாம் என்று ஒய் அமுக்கினோம். அணைத்துப் போட்டோம்.

பலகையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். முனைகள் எல்லாம் ஒரே சமயத்தில் எழும்பி, இறங்கி, பிறகு "சி" என்று ஓர் எழுத்து, கோலன், சாய்கோடு. கறுப்புத் திரையில் என்ன இருக்குமோ அது. அதை நானே படித்தேன். யாரும் கையில் எழுதவில்லை.

பிறகு நான் எடிட் கட்டளை கொடுத்து, வெற்றுப் பக்கம் திறந்து, நாற்காலியை நகர்த்தி, தஸ்லீமாவை உட்கார வைத்தேன். சூட்கேஸ் எதற்கு, இதில் அடி என்றேன். அவள் போனில் தமிழை இங்கிலீசு எழுத்தில் அடிப்பாளே, அப்படி அடித்தாள். அது எனக்கு நன்றாகவே புரிந்தது. அவள் அடித்ததைத் தமிழில் எழுதுகிறேன். முதலில் அடித்தது இது:

"மதினி, இதுல எவ்வளவு வேணும்னாலும் எழுதலாமா?"

எழுதலாம் என்றேன். அதன் பிறகு அடித்துக்கொண்டே இருந்தாள் சார். நான் பொத்தானை அமுக்கி அமுக்கி அடுத்த வரிக்குப் போனேன். ஜைனுதீனுடைய கம்பெனியை ஜனவரியில் மூடிவிட்டார்கள். வேறு வேலை தேடிப் பார்த்தான், கிடைக்கவில்லை. விசா முடிகிறது. இந்த மாதம் பன்னிரண்டாம் தேதி ஊருக்கே வந்துவிடுகிறான். சூட்கேஸில் இருப்பது அவன் விட்டுப்போன பழைய சட்டை துணி, வந்ததும் உடுத்த. எடுத்து வெயிலில் காய வைத்து அடுக்கியிருக்கிறாள். அந்த நீண்ட பேச்செல்லாம் இதைப் பற்றித்தான். கடைசியாக ஒன்று அடித்தாள்: "உங்க ரூமு தெருவப் பாத்து இருக்கு. அதுல ஒரு கடை போட்டா நல்லாருக்கும்னு அவுக சொல்றாக. உங்ககிட்ட கேக்கப் பயமா இருக்குது. நீங்க உள் ரூமுக்கு மாறிக்குவீங்களா? மாட்டேன்னு சொன்னாலும் பரவால்ல."

இதை முன்னாலேயே சொல்லித் தொலைத்திருக்கலாமே என்றேன். அதற்கு அவள் அடித்ததை அப்படியே எழுதுகிறேன்:

"கையில எழுதுனா 'வேலை போச்சு'ன்னு ரெண்டு வார்த்தைதான் மதினி எழுத வருது. அதுக்கு மேல எழுதுறதுக்குள்ள உங்க கை வெறச்சுப் போகும். பெறகு நான் என்ன எழுதினாலும் உங்களுக்கு எட்டாது. அவுக நல்லா இருக்காக, நமக்கு ஒரு கொறையும் வராது, நீங்க அழக்கூடாது, இத்தனையும் சேத்துச் சொல்லணும்ல. அதுக்கு எடமில்ல. அதான் ஒண்ணும் எழுதல."

பிறகு, அப்படியென்றால் திருச்சி விடுதி என்ன ஆயிற்று என்று கேட்டேன். "என்ன விடுதி?" என்று அடித்தாள். சொன்னேன். அதன் பிறகு அவள் அடித்த வேகத்துக்குப் பலகை ஈடுகொடுக்கவில்லை. எனக்கு அறிவு இருக்கிறதா என்று ஒரு வரி. லாத்தா (என்னை அவன் அப்படித்தான் கூப்பிடுவான்) காதில் இது விழுந்தால் என்ன நினைக்கும் என்று அவன் அன்றைக்கே அந்த விசாரிப்பை விட்டுவிட்டான் என்று ஒரு வரி. ஒரு வருஷமாக இதை மனதில் வைத்துக்கொண்டா என் கையால் சோறு தின்றீர்கள் என்று ஒரு வரி. நான் சிரித்தேன் சார். ஒரு வருஷத்துக்குப் பிறகு யாரோ என்னைத் திட்டுவதை முழுசாகக் கேட்கிறேன்.

ரூமை எடுத்துக்கொள்ளுங்கள், கடைக்கு என்ன பெயர் என்று கேட்டேன். "மெதுவா பேசுங்க, தெருவுக்கே கேக்குது" என்று அடித்தாள். பெயர் இன்னும் முடிவாகவில்லையாம்.

மறுநாளிலிருந்து சமையல் முடிந்ததும் அவளே வந்து கீபோர்டு முன்னால் உட்கார்ந்துவிடுகிறாள். கேட்காமலே அடிக்கிறாள். பக்கத்து வீட்டுப் பொண்ணுக்கு நிச்சயம் ஆகியிருக்கிறது. மாப்பிள்ளைக்கு முன்பல் கொஞ்சம் தூக்கல். நண்டு இன்றைக்கு வரத்தே இல்லை. ஜைனுதீன் போனில் இருமினான், தண்ணீரை மாற்றிக் குடிக்கச் சொல்லியிருக்கிறாள். கடையில் சில்லறைச் சாமான் வைக்கலாமா, ஸ்டேஷனரி வைக்கலாமா என்று இரண்டு பக்கம். எங்கள் அம்மா இருந்த காலத்தில் நான் தஸ்லீமாவின் ரசத்தைக் குறை சொன்னது இன்னும் ஞாபகம் இருக்கிறதாம், அதற்கு ஒரு பக்கம்.

நேற்று மத்தியானம் எனக்கு விரல் நுனி மரத்துப்போய்விட்டது. போதும்மா, மிச்சத்தை நாளைக்குச் சொல் என்றேன். அவள் நிறுத்தவில்லை. நானும் கையை எடுக்கவில்லை.

பவுசியா